பெட்டிக்குப் பூட்டு போட்டார்கள், காலனிக்கு?

ஆம்பூர் பக்கம், டேனரிகளுக்கும் பாலாற்றுக்கும் நடுவே இருக்கிறது எங்கள் காலனி. வீட்டுக்கு ஒருவராவது தோல் வேலைக்கோ ஷூ கம்பெனிக்கோ போகிறோம்.

ஒரு தேர்தல் முடிந்த சில வாரங்களில், தெருவிளக்கும் சாக்கடையும் கேட்டு எங்கள் பெண்கள் ஒரு கட்சி நிர்வாகியின் வீட்டுக்குப் போனார்கள். அவர் மனுவைத் தொடவில்லை. மேசையில் கிடந்த ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். "உங்க பூத்துல நமக்கு எவ்ளோ விழுந்துச்சின்னு பாரும்மா. எந்த மூஞ்சிய வச்சிக்கினு லைட்டு கேக்க வந்தீங்க?"

"நாங்க யாருக்குப் போட்டோம்னு உங்களுக்கு எப்டிண்ணா தெரியும்?" என்று ஒரு அக்கா கேட்டார். அவர் தாளைத் தட்டிக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தத் தாள் திருட்டுத்தாள் இல்லை தோழர்களே. படிவம் 20. எந்த வாக்குச்சாவடியில் எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு என்று சொல்லும் அரசு ஆவணம். எங்கள் வாக்குச்சாவடி காலனிப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. அங்கே ஓட்டுப் போடுகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் நாங்கள்தான். தனி ஆளின் ஓட்டு ரகசியம். காலனியின் ஓட்டு ஊரறிந்தது. ஊர் நம்மைத் தனியாக ஒதுக்கி வைத்ததால், நம் ஓட்டும் தனியாக எண்ணப்படுகிறது.

வாக்கு இயந்திரத்தின் பாதுகாப்பு என்றால் எல்லோரும் பேசுவது இயந்திரத்தைப் பற்றித்தான். அதுவும் தேவையான பேச்சுதான். 1982இல் கேரளத்தின் பரவூரில் முதன்முதலில் இயந்திரத்தை வைத்தபோது அதற்குச் சட்டமே இல்லை. 1984இல் உச்ச நீதிமன்றம் அதைச் சுட்டிக்காட்டி அந்த வாக்குப்பதிவைச் செல்லாது என்றது. அதன் பிறகுதான் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61ஏ பிரிவு சேர்ந்தது. 2013இல் விதிகள் திருத்தப்பட்டு ஒப்புகைச்சீட்டு வந்தது. 2019இல் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 இயந்திரங்களின் சீட்டுகளை எண்ணிச் சரிபார்க்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26 அன்று மறுத்தது. இவை எல்லாம் பெட்டிக்குப் போட்ட பூட்டுகள். ஓட்டுப் போட்டவருக்கு என்ன பூட்டு?

வாக்குச்சீட்டுக் காலத்தில் ஒன்று இருந்தது. வாக்காளர்கள் மிரட்டப்படுவார்கள், பழிவாங்கப்படுவார்கள் என்று தேர்தல் ஆணையம் கருதினால், எல்லாப் பெட்டிகளின் சீட்டுகளையும் ஒன்றாகக் கலந்து எண்ணலாம். 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் விதி 59ஏ அதைச் சொல்கிறது. இயந்திரம் வந்ததும் கலப்பது போய்விட்டது. பல இயந்திரங்களின் வாக்கை ஒரே கூட்டுத்தொகையாகக் காட்டும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையமே 2008இல் முன்மொழிந்தது. 2015இல் சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. வாக்குச்சாவடிக் கணக்கு தெரிந்தால், பின்தங்கிய இடங்களில் வேட்பாளர்கள் கூடுதலாக உழைப்பார்களாம். எங்கள் தெருவில் எப்படி உழைத்தார்கள் என்பதை மேலே சொல்லிவிட்டோம்.

2019 ஏப்ரலில், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, வேலூர் மக்களவைத் தேர்தலைப் பணப்பட்டுவாடா காரணமாக ரத்து செய்தார்கள். ஆகஸ்ட் 5 அன்றுதான் ஓட்டுப் போட்டோம். பணத்துக்கு விலைபோகிற ஊர் என்று நாடு முழுக்க நம்மைப் பேசியது. பணம் கொடுக்கிறவன் ஏன் தெரு கணக்கில் கொடுக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. கொடுத்த இடத்தில் ஓட்டு விழுந்ததா என்று வாக்குச்சாவடிக் கணக்கில் சரிபார்த்துக்கொள்ள முடிகிறது. அந்தத் தாள் இல்லையென்றால் அவன் பணம் ஆற்றில் போட்ட மாதிரி.

நம்மை மிரட்டினால் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பட்டியல் சாதியினரை ஓட்டுப் போடவிடாமல் தடுப்பதும், இன்னாருக்குப் போடு என்று மிரட்டுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவில் குற்றம். ஆனாலும் 2019 ஏப்ரல் 18 அன்று, வாக்குப்பதிவு நாளிலேயே, அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தலித் வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். அடி விழுந்த பிறகு வருவது அந்தச் சட்டம். அடிப்பதற்கான கணக்கே கையில் கிடைக்காமல் செய்வது கலந்து எண்ணும் விதி.

எங்களுக்குள்ளேயே ஒரு தம்பி எதிர்க்கேள்வி கேட்டான்: "வாக்குச்சாவடிக் கணக்கு இல்லன்னா, இயந்திரத்துல தில்லுமுல்லு நடந்தா எப்டிண்ணா கண்டுபிடிக்கிறது?" நியாயமான கேள்வி. எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்ற படிவம் 17சி கணக்கு வாக்குச்சாவடி வாரியாகவே முகவர்களிடம் இருக்கட்டும். யாருக்கு எத்தனை என்பதை மட்டும் பல வாக்குச்சாவடிகளைச் சேர்த்துச் சொல்லட்டும். அதே வாக்குச்சாவடிகளின் ஒப்புகைச்சீட்டுகளையும் கலந்து எண்ணி, இரண்டையும் ஒப்பிடட்டும். இயந்திரமும் சோதிக்கப்படும், காலனியும் காப்பாற்றப்படும். ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

மாணவத் தோழர்களே, உங்கள் தொகுதியின் படிவம் 20ஐ எடுத்து உங்கள் தெருவின் வாக்குச்சாவடியைத் தேடுங்கள். உங்கள் அம்மாவின் ஓட்டு எவ்வளவு வெளிச்சத்தில் கிடக்கிறது என்று தெரியும். பிறகு உங்கள் பகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: கலந்து எண்ணும் விதியை இயந்திரத்துக்கும் எப்போது கொண்டுவருவீர்கள்?

எங்கள் தெருவில் இன்னும் விளக்கு எரியவில்லை. அடுத்த தேர்தலிலும் எங்கள் மனசுக்குப் பட்டவருக்குத்தான் போடுவோம்.

ஜெய்பீம்.