நான் எழுதாமல் விட்ட பக்கம்

மதுரை வட்டாரத்தில் கட்லா, ரோகு மீன்களை ஒப்பந்தக் குடும்பங்கள் வழியாக வளர்க்கும் ஒரு நிறுவனத்துக்கு நிலைத்த வளர்ச்சித் திட்டம் எழுதிக் கொடுத்தவன் நான். சூரிய மின்தகடு, மரக்கன்று, கழிவுநீர் மறுபயன்பாடு எல்லாம் அதில் உண்டு. மழை பொய்த்தால் என்ன செய்வது என்பது மட்டும் இல்லை. தெரிந்தே விட்டேன்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் அன்றிருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. மேலூர்ப் பக்கம் கண்மாய்கள் வெடித்துக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் அந்தத் திட்டத்தை எழுதினேன். வறட்சியைப் பெரிதாகக் காட்டினால் வங்கிக் கடன் வராது என்றார்கள் நிறுவனத்தார், தலையாட்டினேன். புயல் பயமெல்லாம் கடலோர இறால் பண்ணைகளுக்குத்தான், நமக்கு ஆழ்துளைக் கிணறு இருக்கிறது என்று இரண்டு வரியில் முடித்தேன்.

அடுத்து வந்த ஒரு கோடையில் அந்தக் கிணறுகள் கைவிட்டன. குளங்களில் தண்ணீர் வற்றி, இருந்ததும் சூடேறியது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். சூடு ஏற ஏற அதுவும் குறையும். இரவெல்லாம் பாசியும் மீனும் அதைச் செலவழிக்க, விடியும் நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. நெருக்கமாகக் குஞ்சு விட்ட குளங்களில் கூட்டமாகச் செத்து மிதந்தன.

ஒப்பந்தப்படி குஞ்சும் தீவனமும் நிறுவனம் கடனாகத் தரும். செத்த மீன் வளர்ப்பவர் கணக்கு. அந்த விதியை நான் கேள்வி கேட்கவில்லை. நிறுவனத்தின் ஆபத்தை நான் குறைக்கவில்லை, நகையை அடகு வைத்துக் குளம் எடுத்த குடும்பங்களின் தலையில் இறக்கினேன்.

கார்த்திகையில் கண்மாய் எவ்வளவு பெருகியது என்று பார்த்து எத்தனை குஞ்சு விடுவது என்பதைத் தீர்மானிப்பது, குறுகிய காலத்தில் எடைக்கு வரும் பெரிய குஞ்சுகளை விடுவது, கோடை முற்றுமுன் பிடித்துவிடுவது, விடியலில் ஆக்சிஜன் அளப்பது, நட்டத்தை நிறுவனமும் பகிர்வது: இவை எனக்கு அன்றே தெரியும். எழுதியிருந்தால் கடன் தொகை குறைந்திருக்கும், என் கட்டணமும் போயிருக்கலாம். அந்தக் கட்டணத்துக்காகத்தான் வாய் மூடினேன். இழந்தவர்களிடம் இதை நேரில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அவர்களுடைய ஒப்பந்தம் மாறும்வரை இன்னொரு நிறுவனத்துக்குத் திட்டம் எழுத எனக்குத் தகுதியில்லை.