முதலில் பொரியல்

திங்கள், ராஜபாளையம்

கோவையிலிருந்து மதுரைக்குப் பழனி வழியாகப் போகும் பேருந்தில் ஏறினால் ஒரு லாபம் உண்டு. ஆயக்குடிப் பக்கம் சாலையோரம் கொய்யாவைக் கூடைகூடையாக வைத்திருப்பார்கள். பேருந்து கொஞ்சம் நின்றால் போதும், ஜன்னல் வழியாகவே வாங்கிவிடலாம். அடுத்து ஒட்டன்சத்திரம். கேரளத்துக்கே காய்கறி அனுப்பும் சந்தை. முருங்கை, தக்காளி, கத்தரி என்று மூட்டை மூட்டையாக லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த ஊரைத் தாண்டிச் சிறிது நேரத்தில் டிரைவர் நிறுத்திய பைபாஸ் ஓட்டலில், இலை ஓரத்தில் வைத்த பொரியல் ஓர் எலுமிச்சங்காய் அளவு. சோறு மட்டும் மலையாகக் குவிந்தது.

இந்த முறை இதையெல்லாம் கவனிப்பதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று மாதச் சர்க்கரை 6.1 என்று வந்திருக்கிறது. 5.7இலிருந்து 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 ஆகிவிட்டால் கட்சி மாறியாயிற்று என்று அர்த்தம். வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்கவே இல்லை. “மாசத்துல எத்தனை நாள் வெளியூர்?” என்றுதான் கேட்டார். ஸ்பின்னிங் மில்களுக்கு ரிங் ஃபிரேம் சர்வீஸ் பார்க்கிறவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான்.

செவ்வாய், ராஜபாளையம்

மதியம் மில்லுக்கு எதிரே உள்ள மெஸ்ஸில் சாப்பாடு. இலை போட்டார்கள். பீன்ஸ் பொரியல், வாழைக்காய்க் கூட்டு, அப்பளம், ஊறுகாய். சோற்று வாளியோடு வந்த தம்பியைக் கையால் தடுத்தேன்.

“சோறு இருக்கட்டும் தம்பி. இன்னொரு பொரியல் வை.”

வைத்தான். அது காலியானதும், “கூட்டு இன்னும் கொஞ்சம்.”

“அண்ணாச்சி, சோறு எப்பப் போட?”

“சொல்றேன்.”

மூன்றாவது முறை பொரியல் கேட்டபோது கல்லாவில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. முழுச் சாப்பாடு என்றால் சோறும் குழம்பும் மட்டும்தான் கேட்டுக் கேட்டு வாங்கலாம் என்று நாமாகவே முடிவு கட்டி வைத்திருக்கிறோம். பெரும்பாலான மெஸ்களில் பொரியலும் மறுபடி வைப்பார்கள், கேட்கத்தான் ஆளில்லை. காய்கறியும் பருப்பும் முதலில் உள்ளே போனால் சோற்றின் சர்க்கரை ரத்தத்தில் மெதுவாக ஏறும் என்பதை டாக்டர் விளக்கியிருந்தார். இன்னொரு பயனை அவர் சொல்லவில்லை: வயிறு பாதி நிறைந்தபின் சோறு வந்தால், போதும் என்று சொல்ல வாய் தானாக வருகிறது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஒரு நாளைக்குக் காய்கறி 400 கிராம், அரிசி கோதுமை வகையெல்லாம் சேர்த்து 250 கிராம் என்று கணக்கு. நம் டூர் சாப்பாட்டில் இது அப்படியே தலைகீழ்.

இரவு மெஷினை ஓட்டிக் காட்டிவிட்டு வெளியே வர மணி பத்து. அந்த நேரத்துக்கு இட்லி தீர்ந்து, கொத்து பரோட்டா சத்தம் மட்டும்தான் மிச்சம். “ரெண்டு தோசை, எண்ணெய் இல்லாம” என்றேன். “எண்ணெய் இல்லாம கல்லை விட்டு எந்திரிக்காது சார், கம்மியா விடுதேன்” என்றார் மாஸ்டர். நியாயம்தான். கூட ஓர் ஆம்லெட். மாலை ஐந்து மணிக்கே அவிச்ச கடலை ஒரு பொட்டலம் தின்றிருந்ததால் கொத்து பரோட்டா வாசனையைத் தாண்டிவர முடிந்தது. பத்து மணிக்கு என்ன சாப்பிடுவோம் என்பது ஐந்து மணிக்கே முடிவாகிவிடுகிற விஷயம்.

புதன், விருதுநகர்

மில் மேனேஜர் விடவில்லை. “விருதுநகர் வந்துட்டு எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடாமப் போனா எங்களுக்கு மரியாதை இல்ல சார்” என்று காரிலேயே ஏற்றிக்கொண்டார். அகலமான கல் நடுவே எண்ணெய் குளம்போல நிற்க, பரோட்டா அதில் மூழ்கி, ஓரம் பிஸ்கட்டாகப் பொரிந்து வந்தது. பிய்த்துப் போட்டு சால்னா ஊற்றியதும் நொறுங்கின பாதி, ஊறின பாதி. பிரமாதம். இரண்டு சாப்பிட்டேன். அந்த ஊருக்கே உரிய ஒன்றை, கூப்பிட்டவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதால் சர்க்கரை ஏறுவதில்லை என்று வாதாட மாட்டேன். ஆனால் ஒதுக்க வேண்டியது இதுவல்ல. எந்த ஊரிலும் ஒரே மாதிரி கிடைக்கும், பசியே இல்லாமல் டீயோடு சேர்த்து உள்ளே தள்ளும் நான்கு மணி வடைதான் முதலில் போக வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெயில் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2018இலிருந்து விதி இருக்கிறது. டீக்கடை வாசலில் அதை யார் அளந்து பார்ப்பது? சட்டி கறுத்து நுரை தள்ளினால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

வியாழன், கோவில்பட்டி

லாட்ஜில் காலை டிபன் இலவசம். நெய் மினுங்கும் பொங்கல், பூரி, கலர் தண்ணீரை ஜூஸ் என்று ஒரு ஜாடியில். இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக நாலு இட்லிக்காரர் பூரிக்காரராக மாறுவதைத் தினமும் பார்க்கிறேன். நான் இரண்டு இட்லியோடு சாம்பாரை இரண்டு முறை வாங்கினேன். அறையில் உள்ள கெட்டிலில் முட்டை அவிக்கிற வித்தையை என்னோடு வரும் ஃபிட்டர் தம்பி கற்று வைத்திருக்கிறான். அடுத்து அந்த அறைக்கு வந்து காபி போடப்போகிறவரை நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை. அவிச்ச முட்டை தள்ளுவண்டியில் கிடைக்கிறதே.

தை மாதம், பனங்கிழங்குக் காலம். பஸ் ஸ்டாண்டு வாசலில் ஓர் ஆச்சி மஞ்சளும் உப்பும் போட்டு அவித்ததைக் கட்டுக் கட்டாக வைத்திருந்தார். தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுக் குருத்தை எடுத்துப் போட்டு, நார் நாராக இழுத்து மென்றால் ஒரு கிழங்கு முடியவே நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் வடை என்றால் நாலு போயிருக்கும்.

“பில் தருவாங்களாண்ணா?” என்றான் தம்பி.

இந்தக் கேள்வியில்தான் மொத்தச் சிக்கலும் இருக்கிறது. எங்கள் அக்கவுண்ட்ஸுக்கு ஜிஎஸ்டி எண் அச்சடித்த பில் வேண்டும். ஏசி ஓட்டலில் பட்டர் நானும் பன்னீரும் சாப்பிட்டால் முழுக்காசும் வந்துவிடும். கொய்யா, கிழங்கு, கடலை, இளநீர், முட்டை எல்லாம் சொந்தச் செலவு. உடம்புக்கு ஆகிற எதற்கும் பில் இல்லை, பில் இருக்கிற பலதும் உடம்புக்கு ஆவதில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் படியைக் கொடுத்துவிட்டு, என்ன தின்றாய் என்று கேட்காமல் இருந்தால் சர்வீஸ் ஆட்கள் பாதிப்பேர் இளைத்துவிடுவார்கள்.

“லோக்கல் ஆட்டோன்னு எழுதிக்கலாங்களாண்ணா?”

“சும்மா மென்னு தின்னு” என்றேன்.

வெள்ளி, மதுரை

மதுரையில் இறங்கினால் கவலை இல்லை. மற்ற ஊர்களில் ராத்திரி பரோட்டாவின் ஆட்சி. இங்கே நடுராத்திரியிலும் தட்டில் ஆவி பறக்கும் இட்லி கிடைக்கும். நாலு வகைச் சட்னியும் வரும். கோவை பஸ் ஆரப்பாளையத்திலிருந்து என்பதால் அங்கேயே ஒரு கடையில் உட்கார்ந்தோம். தம்பி மெனு போர்டை மேலும் கீழும் பார்த்தான். கறி தோசையில் கண் நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை.

“ஒரு கறி தோசை” என்றான். பிறகு சர்வரைத் திரும்பக் கூப்பிட்டு, “அதுக்கு முன்னால வெங்காயம், வெள்ளரிக்கா நறுக்கினது ஒரு பிளேட் வைங்கண்ணா” என்றான்.

வெள்ளரிக்காய் இல்லையாம். வெங்காயம் மட்டும் வந்தது, கூடவே பில்லில் பத்து ரூபாய் ஏறியது. அந்தப் பில்லில் ஜிஎஸ்டி எண் இருந்தது.