ஸ்பேனரை எடுக்கறதுக்கு முன்னாடி...

உங்க வீட்டு மாடிப்படிக்கு அடியில, தூசி படிஞ்சு ஒரு கியர் சைக்கிள் நிக்குதா? அதை வித்துக் காசாக்கலாம்னு ஐடியா இருக்கா? ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்கி இதைப் படிச்சிடுங்க. நான் கட்டின ஃபீஸை நீங்களும் கட்ட வேண்டாம்!

எனக்கு ஊர் ராஜபாளையம். பிளஸ் டூ பாஸானப்ப, மில்லுல வந்த போனஸ்ல அப்பா வாங்கித் தந்த சைக்கிள் அது. விலை 14,000 ரூபாய். முன்னாடி ஷாக் அப்சார்பர், ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், 21 கியர். பேரு மவுன்டன் பைக். எங்க ஊர்ல மேற்கே திரும்பினா மலை தெரியும்தான். ஆனா, அந்தக் காடெல்லாம் 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். புலிக்குப் பக்கத்துல போய் பெல் அடிக்க முடியுமா? அதனால முடங்கியாறு ரோட்டுல கொஞ்ச தூரம், தினமும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்... அவ்வளவுதான் நம்ம மலையேற்றம்!

ஃபைனல் இயர் முடிஞ்சதும் ஓசூர்ல வேலை கிடைச்சது. தங்குற ரூமுக்கு அட்வான்ஸ் 6,000 ரூபாய். காலேஜ் முழுக்க வீட்டுல கை நீட்டியாச்சு, வேலைக்குப் போறதுக்கும் கை நீட்டக் கூடாதுன்னு ஒரு வைராக்கியம். என் பேருல இருந்த ஒரே சொத்து இந்த சைக்கிள்தான்.

கடைக்கு ஓட்டிட்டுப் போனேன். அண்ணாச்சி ஒரு சுத்து சுத்திப் பார்த்தார். "மூவாயிரம் தரலாம் தம்பி."

"பதினாலாயிரத்துக்கு வாங்கினது அண்ணாச்சி..."

"அது நீங்க வாங்கின விலை. கவர்மென்ட் ஸ்கூல்ல பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு சைக்கிள் சும்மாவே கொடுக்காங்க. பழசைத் தேடி யாரு வர்றா?"

மனசு கேட்கலை. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கற கிளாஸ்மேட்கிட்ட புலம்பினேன். "முழுசா வித்தாத்தான்டா மூவாயிரம். கழட்டி பார்ட் பார்ட்டா வித்தா டபுள்!"னான். அவனும் நானும் பால்கோவா சாப்பிட்டுக்கிட்டே பேப்பர்ல கணக்கு போட்டோம். ரெண்டு சக்கரம் 1,600. முன் ஃபோர்க் 1,200. கியர் செட் 1,100. பிரேக் 700. கிராங்க், செயின் 600. சீட், ஹேண்டில்பார் 400. மொத்தம் 5,600! ஃப்ரேம் தனி! பேப்பர்ல நான் அப்பவே ஓசூர் போய்ச் சேர்ந்துட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிச்சேன். கிராங்க்கைக் கழட்ட ஒரு புல்லர் வேணும். அது 350 ரூபாய். இடது பெடல் அசையவே இல்லை. ஸ்பேனர்ல பைப்பைச் சொருகி பலமா திருப்பினேன். 'கிரீச்'னு ஒரு சத்தம்... கிராங்க்ல மரை போச்சு. மிதிக்க மிதிக்க தானா கழண்டுடக் கூடாதுன்னு இடது பெடலுக்கு மட்டும் மரையை எதிர்ப்பக்கமா வெட்டியிருப்பாங்களாம். வலதை எப்பவும் போல இடஞ்சுழியா கழட்டணும், இடதை வலஞ்சுழியா கழட்டணும். இது அப்புறம்தான் தெரிஞ்சது. மரை கழண்டது எனக்குத்தான்!

ஷிஃப்ட் முடிச்சு வந்த அப்பா, திண்ணை முழுக்கப் பரப்பிக் கிடந்ததைப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. காலடியில உருண்டு வந்த ஒரு நட்டைப் பொறுக்கி ஜன்னல்ல வச்சுட்டு உள்ளே போயிட்டார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மூணு வாரத்துல வித்தது ரெண்டே ரெண்டு. ஃபோர்க்கை அந்த கிளாஸ்மேட்டே 800-க்கு எடுத்துக்கிட்டான். சீட் 150-க்குப் போச்சு. சக்கரத்தைத் தூக்கிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு கடைக்குப் போனா, முதல் கேள்வியே "பில் இருக்கா?" தனியா ஒரு சக்கரத்தோட வர்றவனைப் பார்த்தா எனக்கே சந்தேகம் வரும்!

அப்பத்தான் யோசிச்சேன். முழு சைக்கிளை வாங்கறவருக்குத் தேவை ஒரு வண்டி. பார்ட் வாங்கறவருக்கு அதே சைஸ், அதே மாடல் வேணும். அவர் வண்டியில அதே பார்ட் அதே வாரம் உடைஞ்சிருக்கணும். நம்ம ஊர்ல கியர் சைக்கிள் எத்தனை ஓடுது, அதுல எத்தனை பேருக்கு ஃபோர்க் உடையும்? கடைசியில மிஞ்சற ஃப்ரேமை எடைக்குத்தான் போடணும்.

நாலாவது வாரம் அப்பா வந்து சொன்னார். "மில்லுல கூட வேலை பார்க்கறவர், எட்டாவது படிக்கற பையனுக்குக் கேட்கறார். நாலாயிரம் தர்றாராம். ஓடுமாடா?"

சாக்குல கட்டி வச்சிருந்த சைக்கிளைப் பார்த்தேன். "ஓடும்ப்பா"ன்னேன்.

ஃபோர்க்கைத் திருப்பிக் கேட்டா, நண்பன் "ஆயிரம்"னான். புது சீட் 300, இடது கிராங்க் 300, மாட்டி செட் பண்ண மெக்கானிக் கூலி 300, புல்லர் 350. கூட்டிப் பாருங்க... செலவு 2,250. வரவு 4,950. கையில நின்னது 2,700! அண்ணாச்சி முதல் நாள் சொன்னதைவிட 300 ரூபாய் கம்மி. மீதி அட்வான்ஸுக்கு அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தாங்க. வைராக்கியம் காலி.

அப்போ கழட்டி விக்கவே கூடாதா? விக்கலாம். ஃப்ரேம் விரிசல் விட்டிருந்தா, கழட்டறதைத் தவிர வழியில்லை. காஸ்ட்லியான சீட்டோ, பெடலோ நீங்களா தனியா வாங்கி மாட்டியிருந்தா, அதை மட்டும் எடுத்துட்டு பழசை மாட்டிடுங்க. அதுக்காக முழு சைக்கிளுக்கு யாரும் கூடுதலா தர மாட்டாங்க. டயர், சக்கரம் விக்கறப்ப '26 இஞ்ச்'னு மட்டும் சொல்லிடாதீங்க. 559-னும் வரும், 590-னும் வரும். ஒண்ணு இன்னொண்ணுல சேராது. டயர் ஓரத்துல இருக்கற நம்பரைப் படிச்சுச் சொல்லுங்க. பில்லை பத்திரமா வைங்க. ஓடற வண்டியா இருந்தா கழுவித் துடைச்சு, காத்தடிச்சு, ஒரு மாசமாவது முழுசா வித்துப் பாருங்க. தெரிஞ்ச நாலு பேர்கிட்ட வாயைத் திறந்து சொல்லுங்க, முக்கியமா வீட்டுல. நான் முதல் நாளே அப்பாகிட்ட சொல்லியிருந்தா, அந்த நாலாயிரம் முழுசா வந்திருக்கும்.

சைக்கிளை எடுக்க அந்தப் பையன் வந்தான். ஏறி உட்கார்ந்து, தெருக்கோடி வரைக்கும் போய் வந்தான். அப்பா வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தார். கிளம்பறப்ப அவனைக் கூப்பிட்டு, இடது பெடலை எந்தப் பக்கம் திருப்பிக் கழட்டணும்னு ரெண்டு தடவை சொல்லிக் கொடுத்தேன்.

மறுநாள் ஓசூர் பஸ்!