அரஃபாவும் காரைக்கால் மஃரிபும்

ஹஜ்ஜின் உயிர்நாடி அரஃபா. துல்ஹஜ் பிறை 9 நண்பகல் முதல் மறுநாள் வைகறைக்குள் அத்திடலில் தரிக்காதவருக்கு அவ்வாண்டு ஹஜ்ஜே இல்லை. தவாஃபைப் பிந்தியும் நிறைவேற்றலாம்; இதற்கோ ஈடில்லை.

ஊரிலிருப்போருக்கு அந்நாளின் பங்கு நோன்பு. சென்ற ஆண்டுக்கும் வரும் ஆண்டுக்கும் பாவப் பரிகாரமென அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறிய நோன்பு அது. ஆனால் என்று நோற்பது? 2024இல் ஹாஜிகள் அரஃபாவில் கூடியது ஜூன் 15. நம் நாட்டில் பெருநாளோ ஜூன் 17. அவரவர் ஊர்ப் பிறையின் ஒன்பதாம் நாளே நோன்புக்குரியது என்பதே நம் ஆலிம்களில் பெரும்பாலோர் கூற்று. எனக்கும் அதுவே ஏற்புடையது.

என் உம்மா இரு நாளும் நோற்றார்கள். தம்பி அங்கே இருந்தான். 1,300க்கு மேற்பட்டோரை வெம்மை பலிகொண்ட ஹஜ் அது. (அல்ஹம்துலில்லாஹ், அவன் நலமாய் மீண்டான்.) ஜூன் 15 அன்று காரைக்காலில் மஃரிபு பாங்கு ஒலித்தபோது அரஃபாவில் மணி நான்கைச் சற்றே கடந்திருந்தது, சூரியன் மறைய இன்னும் ஏறத்தாழ மூன்று மணி நேரம். நோன்பு திறப்பதைத் தாமதிப்பது சுன்னத்தன்று. உம்மா பேரீச்சம்பழத்தை வாயிலிட்டார்கள். தண்ணீர்க் குவளையை மட்டும் கையிலேயே வைத்திருந்தார்கள்.

“தம்பி இன்னும் வெயிலுலதானே நிக்கிறான்” என்றார்கள்.