மொட்டைமாடியில் இரண்டு நட்சத்திரம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது வருடம் லேத் ஓட்டியவர் அவர். ஓய்வுபெற்ற கையோடு ஒரு கம்ப்யூட்டர் டெலஸ்கோப் வாங்கினார். பட்டனில் சனி என்று தேர்ந்தெடுத்தால் மோட்டார் தானே திரும்பிச் சனியைக் காட்டும் என்றார்கள். முதல் நாள் இரவு அழுத்தினார். குழாய் உர்ரென்று சுழன்று, பக்கத்து வீட்டுத் தண்ணீர் தொட்டியைக் காட்டி நின்றது.

சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, பாதியை விட்டுவிட்டார்கள். தான் எந்த ஊரில் நிற்கிறோம், மணி என்ன, எந்தத் திசையைப் பார்க்கிறோம் என்பது டெலஸ்கோப்புக்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் நம்பிவிடும்.

ஊரில் பெரிய சிக்கல் இல்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாமே ஏறக்குறைய 13 பாகை வடக்கு, 80 பாகை கிழக்கு. வில்லங்கம் தேதியில் இருந்தது. அந்தக் கருவி அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் கேட்கும். ஜனவரி 5ஐ அவர் நம் வழக்கப்படி 5/1 என்று போட, அது மே மாதத்து வானத்தைத் தேடிக்கொண்டிருந்தது. அதைத் திருத்தியபின் நேரம் வந்தது. நம் நாட்டு நேரம் ஐந்தரை மணி முன்னால். அவர் ஐந்தோடு நிறுத்தியிருந்தார். வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது என்பதால் அந்த அரை மணி ஏழரைப் பாகை. பதினைந்து முழுநிலாக்களை வரிசையாக அடுக்கலாம்.

இடமும் நேரமும் கேட்டவுடன் கிடைக்காத காலம் ஒன்று இருந்தது. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வுக்கூடத்துக்கு அவைதான் முக்கிய வேலை. கருவி இம்மியும் அசையக் கூடாதென்று ஏறக்குறைய பத்து டன் எடையில் கருங்கல் தூண் நிறுத்தினார்கள். தமிழ் உள்படப் பல மொழிகளில் எழுத்து பொறித்த அந்தத் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. 1802இல் பரங்கிமலையருகே லாம்டன் தொடங்கிய பெரிய நில அளவை, தீர்க்கரேகைக்கு இந்தக் கூடத்தைத்தான் ஆதாரமாகக் கொண்டது. ரயில்கள் ஓடியதும் இங்கே கணித்த மெட்ராஸ் நேரப்படிதான். 1906இல் வந்த இந்திய நேரம் அதைவிட ஒன்பது நிமிடம் முந்தியது.

அவருக்கு வாய்த்ததோ மூன்று கால் ஸ்டாண்டு. ரசமட்டம் வைத்து அதைச் சமப்படுத்தினார். யாராவது மாடிப்படி ஏறினாலே நட்சத்திரம் நடுங்கும். வடக்கு பார்க்கத் திசைகாட்டியை எடுத்தால், மேல்தளம் கட்டுவோம் என்று விட்டுவைத்த கம்பிகளின் பக்கம் முள் இழுபட்டது. துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வைக்கலாமே என்றால், ஓர் ஊரின் அட்சரேகை எத்தனையோ அத்தனை உயரத்தில்தான் அது தெரியும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் பத்துப் பாகை. நம் துருவம் அதற்கு மேல் இரண்டு விரல். அந்த உயரத்தில் ஒரு அபார்ட்மெண்ட் நிற்கிறது.

இதற்குத்தான் இரண்டு நட்சத்திர வழி. தெரிந்த நட்சத்திரம் ஒன்றைக் கண்ணாடியின் நட்டநடுவில் கொண்டுவந்து, இதுதான் இன்னார் என்று சொல்ல வேண்டும். தள்ளி இருக்கும் இன்னொன்றையும் அப்படியே. மீதியைக் கருவி கணக்குப் போட்டுக்கொள்ளும். பட்டியலில் ஆல்டெபரான் என்று இருந்தது. அது ரோகிணி என்று தெரிந்ததும் அவருக்குப் பாதி பயம் போயிற்று. ஜாதகக் கட்டத்தில் அறுபது வருடமாகப் பார்த்த பெயர், வானத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. இரண்டாவதாக போலக்ஸ். அது புனர்பூசம், அங்கேதான் சறுக்கினார். புனர்பூசத்தில் இரண்டு நட்சத்திரம் பக்கத்தில் பக்கத்தில், நாலரைப் பாகை இடைவெளியில். மங்கலான கேஸ்டரை நடுவில் வைத்து போலக்ஸ் என்று சொல்லிவிட்டார். அதன்பின் எதைக் கேட்டாலும் வெறும் இருட்டுதான் வந்தது. கண்ணாடியில் தெரியும் வானமே ஒரு பாகை அகலம்தானே.

மறுநாள் பகலில் சூரியன் பக்கம் போகாமல், தூரத்து செல்போன் டவர் உச்சியைக் குறிவைத்து, சிறிய குறிபார்ப்பானையும் பெரிய குழாயையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்தார். நடுவில் நிறுத்தும்போது கடைசித் தள்ளு எப்போதும் ஒரே பக்கமாக இருக்கட்டும் என்று கையேட்டில் போட்டிருந்தது. பற்சக்கரங்களில் ப்ளே இருக்குமாம். அவர் சிரித்துவிட்டார். லேத்தில் டயலைத் தாண்டிப் போய்விட்டால், நன்றாகப் பின்னால் இழுத்து மறுபடி அதே பக்கமாக வரவேண்டும் என்று எத்தனை பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்!

அன்று இரவு எட்டு மணிக்கு ரோகிணி, போலக்ஸ், பிறகு ஓரியன் நெபுலா. குழாய் திரும்பி நின்றது. நடுவில் இல்லை, ஓரத்தில்; ஆனாலும் பஞ்சுப்புகை போல இருந்தது.

மேலே வந்த எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இதெல்லாம் சரிப்பா, என் நட்சத்திரம் கேட்டை. அதக் காட்டேன்."

"அது இப்ப இல்லக்கா. விடியக்காலை அஞ்சு மணிக்குத் தென்கிழக்கே வரும்."

"மார்கழிதானே, நாலரைக்கே கோலம் போட எழுந்திருப்பேன். வரேன்."

அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. மெனுவில் ஹைபர்னேட் என்று ஒன்று இருந்தது. ஸ்டாண்டு அசையாத வரை இரண்டு நட்சத்திரத்தையும் கருவி நினைவில் வைத்திருக்கும். அதை அழுத்தி, பனிக்குப் பழைய போர்வையைப் போர்த்தினார். அக்காவிடம் கொஞ்சம் கோலப்பொடி வாங்கி மூன்று கால்களையும் சுற்றி வட்டம் போட்டார். மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். காலையில் துணி காயப்போட யாரும் முந்திக்கொள்ளக் கூடாதே.