றிப்போட் சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லுங்கோ

வேலை இருக்கும். முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் கையில் இருக்கும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரத்தில் இருக்கும். வீட்டுக்காரரும் முகம் மலர்ந்து அறைகளைத் திறந்து காட்டுவார். கடைசியில், "கிறெடிற் எப்படி?" என்று ஒரு கேள்வி வரும். அடுத்த நாள் தொலைபேசி எடுத்தால் மறுமுனையில் ஆள் எடுக்கமாட்டார்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இப்படி அலைந்த குடும்பங்களை வருடக் கணக்காகப் பார்த்துவிட்டேன். ஒரு காலத்தில் நானும் இடம் கேட்டு நின்றவன். பிறகு வீடு வாங்கி, பேஸ்மென்றை வாடகைக்கு விட்டவன். கேட்கிறவரின் பயமும் தெரியும், கொடுக்கிறவரின் பயமும் தெரியும். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இலங்கையில் 83 கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்த எங்களில் பலருக்கு முதல் இருப்பிடம் சென் ஜேம்ஸ் ரவுன் மாடிக் கட்டிடங்கள்தான். நானும் அங்கே ஒரு நண்பரின் வீட்டில் பாய் விரித்துப் படுத்தவன். மனைவி வரப்போகிறாள் என்றதும் தனியாக ஓர் அறைவீடு கேட்டுக் கட்டிடப் பொறுப்பாளரிடம் போனேன். "எனக்கு யாரிடமும் ஒரு சதம் கடன் கிடையாது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். ஊரில் அதைவிடப் பெரிய நற்சான்று இல்லை. அந்த மனிதர் தலையை ஆட்டினார். கடன் வாங்கித் திருப்பிக் கட்டியிருந்தால்தான் தன் கந்தோரில் என்னைப் பற்றி ஏதாவது தெரியவரும் என்றார். அன்றைய அந்த இளைஞனை நினைத்தால் இப்போதும் பரிவுதான் வருகிறது. தன் நேர்மையே தனக்குத் தடையாக நிற்கிறது என்று அவன் எப்படி விளங்கிக்கொள்வான்?

தொழிற்சாலையில் எனக்கு மேலாளராக இருந்த ஒரு போர்த்துக்கேயர் எனக்காகப் பிணை நின்று கையெழுத்து வைத்தார். அவரும் ஒரு காலத்தில் பெட்டியோடு வந்து இறங்கியவர். நான் வாடகை கட்டாவிட்டால் தான் கட்டவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். மத்தியான இடைவேளையில் தன் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு என்னோடு நடந்து வந்து கையெழுத்து வைத்தார். அது எத்தனை பெரிய காரியம் என்பது, பிற்காலத்தில் என்னிடம் ஒருவர் பிணைக் கையெழுத்துக் கேட்டு வந்தபோதுதான் முழுதாக விளங்கியது.

எங்கள் ஊர்க் கடைகளில் கடன் கொப்பி ஒன்று இருக்கும். யார் யார் எவ்வளவு அரிசி, எவ்வளவு சீனி கடனுக்கு எடுத்தார்கள் என்பது அதில் இருக்கும். ஆனால் கொப்பி வைத்திருந்தவருக்குக் கணக்கோடு கதையும் தெரியும். அந்த வருடம் வெங்காயம் அழுகிப் போனது, இந்த வீட்டில் தகப்பன் ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்பதெல்லாம் தெரிந்துதான் கடனைக் கேட்பார், அல்லது கேட்காமல் விடுவார். இங்கே ஈக்விபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் என்ற இரண்டு நிறுவனங்கள் அந்தக் கொப்பியை வைத்திருக்கின்றன. 300இலிருந்து 900 வரை ஒரு புள்ளி போடுகின்றன. கணக்கு மட்டும் இருக்கும். கதைக்கு அங்கே இடமில்லை.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். வீட்டுக்காரர் அறிய விரும்புவது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆள் மாதாமாதம் வாடகையைத் தருவாரா? அந்த நிறுவனங்கள் தருகிற கிறெடிற் றிப்போட்டில் பெரும்பாலும் இல்லாததும் அதுதான். கடனட்டை இருக்கும், கார்க் கடன் இருக்கும், கட்டாமல் விட்ட தொலைபேசிக் கணக்கும் இருக்கும். பதினைந்து வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் வாடகை கட்டியிருந்தாலும், வீட்டுக்காரர் அதைப் பதிவுசெய்யும் சேவை எதிலும் சேர்ந்திருக்காவிட்டால், அதில் ஒரு வரியும் வராது.

எங்கள் பேஸ்மென்றுக்கு ஆள் தேடிய ஒரு மார்கழியில், இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண் வந்தாள். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. அறையைப் பார்க்கு முன்பே, "அண்ணை, முதலே சொல்லிப்போடுறன். என்ர கிறெடிற் சரியில்லை. அது பிரச்சினை எண்டால் உங்கட நேரத்தை வீணாக்க விருப்பமில்லை" என்றாள். என் மனைவி, "முதல்ல உள்ள வாங்கோ பிள்ளை, பிள்ளையளுக்குக் குளிருது" என்றாள்.

தேத்தண்ணி குடித்தபடி அவள் ஒரு கடித உறையைப் பிரித்தாள். தன் கிறெடிற் றிப்போட்டைத் தானே எடுத்து அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தாள். யாரும் தன்னுடையதை இலவசமாக எடுக்கலாம். தானே பார்ப்பதால் புள்ளி குறையாது. ஒவ்வொரு கடனட்டைக்கும் நேரே ஓர் எழுத்தும் ஓர் இலக்கமும் இருந்தன. ஆர் 1 என்றால் நேரத்துக்குக் கட்டுகிறவர். ஆர் 9 என்றால் வராக் கடன், அல்லது வங்குறோத்து. அவளுடைய இரண்டு அட்டைகளுக்கும் நேரே ஆர் 7 நின்றது. கடன்காரர்களோடு ஒழுங்கு பேசி, ஒரு பகுதியைத் தவணையில் கட்டுகிறவர்களுக்கு வருகிற இலக்கம் அது. தம்பியின் கார்க் கடனுக்குச் சேர்ந்து கையெழுத்து வைத்திருக்கிறாள். தம்பிக்கு வேலை போனது. கார்த் தவணையைத் தன் அட்டைகளிலிருந்து எடுத்துக் கட்டியிருக்கிறாள். பிறகு இரண்டும் கைமீறிப் போய்விட்டன. அரச உரிமம் பெற்ற ட்ரஸ்ரி ஒருவர் மூலமாக 'கன்சியூமர் புறப்போசல்' போட்டு, மாதம் மாதம் கட்டிவருகிறாள். கட்டிய ரசீதுகள் அத்தனையும் அந்த உறைக்குள் இருந்தன.

ஆனால் முன்பு இருந்த வீட்டின் வாடகைக்கு ஒரு துண்டுகூட இல்லை. அந்த வீட்டுக்காரர் காசாகத்தான் வாங்குவாராம், பற்றுச்சீட்டுக் கொடுக்கமாட்டாராம். இதை எங்கள் ஆட்களிடம் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வருமானத்தைக் கணக்கில் காட்டாமல் விட அவருக்கு அது வசதி. குடியிருந்தவளுக்கோ, நாலு வருட நாணயத்துக்கு ஆதாரமே இல்லாமல் போய்விட்டது.

என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளுடைய வங்கிக் கணக்குத் தாள்களைக் கேட்டு வாங்கினாள். விரலை வைத்து மேலிருந்து கீழே வரி வரியாகப் போனாள். சம்பளம் வெள்ளிக்கிழமைகளில் விழுந்திருந்தது. மாதக் கடைசிச் சம்பளம் விழுந்த அன்றே, ஒவ்வொரு மாதமும் ஒரே தொகை காசாக எடுக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழேதான் சாப்பாட்டுச் சாமான், பஸ் அட்டை, பிள்ளையின் சப்பாத்து. மனைவி தாளை என் பக்கம் திருப்பி, "பாருங்கோ, வாடகையை எடுத்து வைச்சிட்டுத்தான் பிள்ளை அரிசி வாங்கப் போயிருக்கு" என்றாள். கிறெடிற் றிப்போட்டில் எந்த இலக்கமும் சொல்லாத விசயம் அது. அடுத்த மாதம் முதலாம் திகதி அவர்கள் குடிவந்தார்கள்.

இதை எல்லோரும் செய்யவேண்டும் என்று நான் கட்டளையிட முடியாது. பேஸ்மென்ற் வாடகையை நம்பித்தான் பலர் வீட்டுக் கடன் கட்டுகிறார்கள். வாடகை நின்றால் வழக்குக்குப் போகவேண்டும். வீட்டுக்காரர் குடியிருப்பாளர் தீர்ப்பாயத்தில் விசாரணை வரவே மாதங்கள் போய்விடுகின்றன. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதற்காகச் சிலர் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே தா என்கிறார்கள், சேதத்துக்கு என்று தனிக் காசு கேட்கிறார்கள். ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வாடகை வைப்பாகக் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டும்தான். அந்தக் காசுக்கு வருடாவருடம் வட்டியும் கொடுக்கவேண்டும். சேத வைப்புக் கேட்க முடியாது. முன்திகதியிட்ட காசோலைகளைத் தந்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்தவும் முடியாது. கிறெடிற் பார்க்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. ஆனால் புதிதாக வந்து, வரலாறே இல்லாதவரை வரலாறு கெட்டவராக நடத்தக் கூடாது என்கிறது ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு. பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றோ, அரச உதவிப் பணத்தில் வாழ்கிறார் என்றோ மறுப்பதும் தவறு. வீட்டுக்காரரோடு குசினியையோ குளியலறையையோ பகிர்ந்து ஓர் அறையில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்புகள் பொருந்தா. புதிதாக வருகிற மாணவப் பிள்ளைகள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இடம் தேடுகிறவர்களுக்கு நான் சொல்லுவது, அந்தப் பெண் வாசலில் நின்று செய்ததைத்தான். றிப்போட் சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லுங்கோ. பழுதான கணக்கைக் கண்டு எத்தனையோ வீட்டுக்காரர் மனமிரங்குவார்கள். மறைத்ததைக் கண்டுபிடித்தால் எவரும் இரங்கமாட்டார்கள். என்ன நடந்தது, எப்போது நடந்தது, அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை நாலு வரியில் சொன்னால் போதும், நீட்டி அழவேண்டியதில்லை. சம்பளத் துண்டு, வேலைக் கடிதம், ஒழுங்காகக் கட்டுகிற தொலைபேசிக் கணக்கு, பழைய வீட்டுக்காரரின் தொடர்பு எல்லாம் ஓர் உறையில் இருக்கட்டும். பெரிய கட்டிட நிறுவனங்களில் புள்ளியைப் பார்த்ததும் தள்ளிவிடுவார்கள். மேல்வீட்டில் தானே குடியிருந்து கீழ்வீட்டை விடுகிற ஒருவரோடு முகம் பார்த்துக் கதைக்கலாம்.

போலிச் சம்பளத் துண்டு செய்து தருகிறோம் என்று சிலர் திரிகிறார்கள். அவர்கள் பக்கமே போகாதேங்கோ. கடனில் விழுந்தது துன்பம், பொய்க் கடதாசி குற்றம். கிறெடிற்றைக் கழுவித் தருகிறோம் என்று காசு கேட்பவர்களையும் நம்பவேண்டாம். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. பிழையான பதிவைத் திருத்தும்படி நீங்களே காசில்லாமல் அந்த நிறுவனங்களிடம் கேட்கலாம். எங்கள் பெயர்களில் இந்தப் பிழைக்கு இடம் அதிகம். தகப்பன் பெயர் ஒரு கடதாசியில் முன்னால் நிற்கும், இன்னொன்றில் பின்னால் நிற்கும். நீளமான பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். அதே பெயரில் அதே தெருவில் இன்னொருவர் இருப்பார். ஆகையால் வீடு தேடத் தொடங்கு முன்பே றிப்போட்டை எடுத்து வரி வரியாக வாசியுங்கோ.

காலமும் தன் வேலையைச் செய்யும். புறப்போசலின் கடைசித் தவணையைக் கட்டி மூன்று வருடத்துக்குள் அந்தப் பதிவு நீங்கிவிடும். முதல் தடவை வங்குறோத்து என்றால், அதிலிருந்து விடுபட்ட பிறகும் ஆறேழு வருடம் நிற்கும். அதுவரை வங்கியில் கொஞ்சக் காசை ஈடாக வைத்து எடுக்கிற கடனட்டை ஒன்றை வைத்து, சிறிதாகச் செலவழித்து மாதம் மாதம் முழுதாகக் கட்டிவந்தால் புள்ளி மெல்ல ஏறும். எங்கள் பேஸ்மென்றுக்கு வந்த அந்தப் பெண்ணும் அப்படித்தான் ஏற்றினாள்.

பிள்ளைகள் வளர்ந்ததும் பெரிய இடம் பார்த்துப் போனாள். போகும்போது என்னிடம் ஒரு கடிதம் கேட்டாள். எந்த மாதம் தொடக்கம் எந்த மாதம் வரை இருந்தாள், எவ்வளவு வாடகை, எந்தத் திகதியில் தருவாள் என்றெல்லாம் எழுதினேன். ஒரு மாதம் சில நாள் பிந்தியது, பிந்தும் என்பதை முதல் வாரமே மேலே வந்து சொன்னாள் என்பதையும் எழுதினேன். "அதை ஏன் எழுதுறியள்?" என்று மனைவி கேட்டாள். வீடு கொடுக்கப்போகிறவர் நான் என்றால் அந்த வரியைத்தான் முதலில் தேடுவேன் என்றேன்.

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிற எங்கள் ஆட்களிடம் ஒன்று கேட்கிறேன். காசாக வாங்கினாலும் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுங்கோ. குடியிருப்பவர் கேட்டால் காசில்லாமல் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். வீட்டை விட்டுப் போன பிறகும் பன்னிரண்டு மாதம் வரை அவர் கேட்கலாம். உங்களுக்கு அது ஒரு நிமிட வேலை. கீழே இருக்கிற பிள்ளைக்கு அடுத்த வீட்டுக் கதவைத் திறக்கப்போவது அந்தத் துண்டுதான்.