துளிரும் வேரும்

மயிலாடுதுறைக்கு அருகே ஒரு சிற்றூர். அங்கு ஒரு வீட்டுக் கொல்லையில் நின்ற நந்தியாவட்டை, நாற்பது ஆண்டுகளாகப் பூசைக்குப் பூத் தந்த செடி. அம்மையாரின் கணவர் நட்டது. விடியலில் அவர் பறித்து வருவார். அம்மையார் தொடுத்துச் சிவபெருமானுக்குச் சாத்துவார். திருப்புகலூரில் பூத்தொண்டு புரிந்த முருக நாயனார் அறுபத்துமூவருள் ஒருவரானார் என்று அவர் அடிக்கடி சொல்வதுண்டு.

அவர் மறைந்தபின் வீடு விற்கப்பட்டது. கொல்லை வரை கட்டடம் எழும்பப் போவதை அறிந்த அம்மையார், சென்னையிலுள்ள மகன் வீட்டுக்குப் புறப்படுமுன் பத்துப் போத்துகளை வெட்டி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டார்.

அது ஐப்பசி மாதம். பென்சில் பருமனில், ஆறு அங்குல நீளத்தில், இளசும் முற்றலும் அல்லாத தண்டுகள். கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டியவற்றில் வடிந்த பாலைக் கழுவினார். நுனியில் இரண்டு இலைகளை மட்டும் விட்டு, மணலும் செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்த சிறு தொட்டிகளில் ஊன்றி, நேர் வெயில் படாத பால்கனி மூலையில் வைத்தார்.

இரண்டாம் வாரத்தில் நான்கு அழுகின. மழையின் ஈரம் போதாதென்று தாமும் நீர் வார்த்த பிழையை உணர்ந்தார். மூன்றாம் வாரம், "அப்பாயி, துளிர் வந்துடுச்சு!" என்று பேரன் கூவினான். ஆவல் தாங்காமல் ஒன்றை உருவிப் பார்த்தார்; வேர் இல்லை. தண்டில் சேர்ந்திருந்த சத்தைக் கொண்டே துளிர் வந்திருந்தது. உருவியது வாடியது, மேலும் நான்கு ஒவ்வொன்றாய்க் கருகின.

எஞ்சிய ஒன்றில் கார்த்திகையில் மொட்டு அரும்பியது.

"அத்தை, மலர்ந்ததும் சுவாமிக்கு வைக்கலாமே" என்றாள் மருமகள்.

அம்மையார் நெடுநேரம் நின்றார். வேருக்குச் செல்லவேண்டிய வலுவை மொட்டு உண்டுவிடும் என்பதை அவர் அறிவார். மலராத மொட்டைச் சாத்துவதும் வழக்கமில்லை. கண்களைத் துடைத்துக்கொண்டு அதைக் கிள்ளி, செடியின் அடியிலேயே இட்டார். அன்றும் சுவாமிக்குக் கடையில் வாங்கிய பூவே சாத்தப்பட்டது.

அதன்பின் அவர் செடியைத் தொடவில்லை. மண் காய்ந்தால் மட்டும் நீர் தெளித்துக் காத்திருந்தார். மார்கழியில் ஒருநாள், தொட்டியின் அடித்துளையில் நூல்போல் ஒரு வெண்மை தெரிந்தது. வேர்!

ஆனியில் ஐந்திதழ் விரித்து முதற்பூ மலர்ந்தது. விதையில் முளைப்பது செடியின் பிள்ளை; போத்தில் தழைப்பதோ அதே செடி. ஆகவே கணவர் நட்ட செடியின் பூவையே அம்மையார் அன்று பறித்தார். இறைவன் திருவடியில் அதைச் சாத்தியபோது, அவர் வாய் ஐந்தெழுத்தை மட்டுமே சொல்லிற்று.